நகைக்குக் கட்டம் இருக்குது, பள்ளிக்கூடத்துக்கு இல்லை

கண்ணு, முதல் வேலையா உனக்குப் பேச்சு எழுதித் தர்றவனை மாத்து. நேத்து சாயங்காலம் பஜார்ல மைக்கைப் புடிச்சு, "பட்டுக்குப் பேர் போன ஆரணி மண்ணே!"ன்னு நீ ஆரம்பிச்சப்போ, முன்வரிசையில இருந்த பொம்பளைங்க ஒருத்தி சேலையை ஒருத்தி பார்த்துக்கிட்டாங்க. அந்த ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்குது. அதுக்குக் கோட்டை உண்டு, பட்டு உண்டு, அதும் பேர்லயே ஒரு சட்டமன்றத் தொகுதியும் உண்டு. இது ஆரணியாத்தங்கரை ஆரணி. பேரூராட்சி. நம்ம பக்கத்துல பெரியபாளையத்துல ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டு வேப்பஞ்சேலை கட்டுவாங்க. வேப்பிலை கட்டுற சனத்துக்கிட்டப் போய் பட்டுன்னா, சிரிக்காம என்ன பண்ணும்?

சரி, அது போகட்டும். "பெரியவரே, கல்வியைப் பத்தி நாலு வார்த்தை பேசணும், யோசனை சொல்லுங்க"ன்னு கேட்டே. கேட்டதுக்கு சந்தோஷம். கேட்காமயே பேசுறவங்கதான் ஜாஸ்தி.

உன் நோட்டீசைப் பார்த்தேன். பேருக்குப் பின்னாடி புள்ளி வெச்சுப் புள்ளி வெச்சு எழுத்து ஓடுது. நானும் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில் ஆனவன்தான், அதனால ஒரு மரியாதையோட கேட்கிறேன்: அதுல எதை எழுதி வாங்கினே, எதைச் சும்மா வாங்கினே? கோவிச்சுக்காதே. எம்.எல்.ஏ. ஆகறதுக்குப் படிப்பு எதுவுமே வேணாம்னுதான் சட்டம் சொல்லுது. இந்தியக் குடிமகனா இருக்கணும், 25 வயசு ஆகியிருக்கணும், ஓட்டர் லிஸ்டுல பேர் இருக்கணும், உறுதிமொழி எடுக்கணும். அவ்வளவுதான். மத்த வேலைக்கெல்லாம் சர்டிபிகேட் கேட்கிற நாட்டுல சட்டம் போடுற வேலைக்கு மட்டும் கேட்கலை. கேட்கக் கூடாதுதான். கேட்டிருந்தா நமக்கு யார் கிடைச்சிருக்க மாட்டாருன்னு பின்னால சொல்றேன்.

வேணாம்னு விட்டதை நீயா போய் எழுதினாத்தான் வம்பு. மனுவோட படிவம் 26-ன்னு ஒரு பிரமாணப் பத்திரம் குடுக்கணும் இல்ல? அதுல நீ கடைசியா எது வரைக்கும் படிச்சே, எந்த ஸ்கூல், எந்தக் காலேஜ், எந்த வருஷம்னு ஒரு கட்டம் இருக்குது. மணிப்பூர்ல மொய்ராங் தொகுதியில 2012-ல பிருத்விராஜ்னு ஒருத்தர் நின்னு ஜெயிச்சார். மைசூர் யுனிவர்சிட்டியில எம்.பி.ஏ.ன்னு எழுதியிருந்தார். மைசூர்ல விசாரிச்சா அப்படி ஒரு எம்.பி.ஏ.வே இல்லை. அவர் என்ன சொன்னார் தெரியுமா? எழுத்தர் கைப்பிழைன்னார். கைப்பிழையில ஒரு எழுத்து மாறும், ஒரு புள்ளி விட்டுப் போகும். ஒரு முழு டிகிரியே முளைக்குமா? சுப்ரீம் கோர்ட்டு 2016 அக்டோபர்ல அந்த ஜெயிப்பு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. எட்டாவதுன்னு எழுதியிருந்தா நிம்மதியா சட்டசபையில உட்கார்ந்திருப்பார். அதனால, உன் நோட்டீசுல இருக்கிறது ஒண்ணு, படிவத்துல இருக்கிறது ஒண்ணுன்னு ஆயிடாம பார்த்துக்கோ. நோட்டீசைச் சுண்டல் கட்டக் குடுத்துடலாம். படிவத்தை தேர்தல் கமிஷன் ஊரே பார்க்கட்டும்னு போட்டுடுது.

அந்தப் படிவத்தை நான் பேரனை விட்டு படிச்சுக் காட்டச் சொன்னேன். ரொம்பத் துருவுறாங்கப்பா. உன் பேர்ல என்ன வழக்கு, பேங்குல என்ன ரொக்கம், பொண்டாட்டி கழுத்துல எத்தனை கிராம், அப்பா விட்டுப் போன நிலம் எத்தனை சென்ட், யாருக்கு எவ்வளவு கடன், அஞ்சு வருஷ வருமான வரி. ஒரு கட்டத்தையும் வெத்தா விடக் கூடாதுன்னு 2013-ல கோர்ட்டே சொல்லியிருக்குது. ஒண்ணும் இல்லேன்னாலும் "இல்லை"ன்னு எழுதணும். இத்தனையும் கேட்டவன், உன் புள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுன்னு மட்டும் கேட்கலை. உனக்குப் பெரிய கண்டம் தப்பிச்சுது. ஏன்னா நேத்து மேடையில "அரசுப் பள்ளி நம் பெருமை"ன்னு நீ தொண்டை கட்டக் கத்தினே. காலையில மஞ்சள் வேன் ஒண்ணு உங்க தெருமுனையில வந்து ஹாரன் அடிச்சப்போ, டை கட்டின ரெண்டு புள்ளைங்க உங்க வீட்டுப் படியிலேருந்துதான் இறங்குச்சு. ஊரு பார்க்கலைன்னு நினைச்சியா? வேன் ஹாரனை அணைச்சுட்டு வரச் சொல்லு, எலெக்‌ஷன் முடியற வரைக்குமாவது.

இதுல நீ ஒருத்தன் மட்டும் இல்லை. 2015 ஆகஸ்டுல அலகாபாத் ஹைகோர்ட்டு ஒரு உத்தரவு போட்டுது. அரசாங்கச் சம்பளம் வாங்கறவங்க, ஓட்டு வாங்கி வந்தவங்க, நீதிபதிங்க உள்பட எல்லாரும் தங்கள் புள்ளைங்களை அரசாங்க ஆரம்பப் பள்ளிக்கூடத்துலதான் சேர்க்கணும், அப்பத்தான் அந்தப் பள்ளிக்கூடம் உருப்படும்னு. ஆறு மாசத்துல என்ன செஞ்சீங்கன்னு வந்து சொல்லுங்கன்னும் உத்தரவு. அப்புறம் லக்னோவுல பெரிய அதிகாரிங்க வீட்டுக் கார் எல்லாம் அரசுப் பள்ளி வாசல்ல வரிசை கட்டி நின்னதா நான் கேள்விப்படலை. நம்ம பக்கம் கோர்ட்டு சொல்லாமயே ஒருத்தர் செஞ்சார். 2011-ல ஈரோடு கலெக்டரா இருந்த ஆனந்தகுமார், தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில கொண்டு போய்ச் சேர்த்தார். அதைப் பேப்பர்ல பெருசா போட்டாங்க. ஊரெல்லாம் செய்யற ஒரு காரியத்தை ஒருத்தர் செஞ்சா அது செய்தியாகுதுன்னா, அந்தச் செய்தி கலெக்டரைப் பத்தினது இல்லை கண்ணு.

இப்போ அந்த "யாரு"ங்கற விஷயத்துக்கு வர்றேன்.

மேடையில காமராஜர் படத்துக்கு மாலை போட்டே. படம் பெருசு, மாலை சின்னது. கான்ட்ராக்டர் ஏமாத்திட்டான் போல. அந்த மனுஷன் எப்படி ஓட்டு கேட்டார்னு தெரியுமா? விருதுபட்டியில அப்பா சின்ன வயசுலயே போயிட்டார். ஆறாவதோட பள்ளிக்கூடம் நின்னுது, மாமன் ஜவுளிக் கடையில உட்கார வெச்சாங்க. இந்தப் பக்கம் ராஜாஜி. வக்கீல் படிப்பு, கவர்னர் ஜெனரல் வரைக்கும் பார்த்தாச்சு. 1952-ல அவரை முதலமைச்சரா கொண்டு வந்தப்போ எந்தத் தொகுதியிலயும் நின்னு ஜெயிச்சு வரலை. மேலவைக்கு நியமனம் பண்ணிக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. 1953-ல ஒரு கல்வித் திட்டம் போட்டார். கிராமத்துப் புள்ளைங்க ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பள்ளிக்கூடம் வந்தாப் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார்த்துக் கத்துக்கட்டும்னு. பள்ளிக்கூடம் பத்தலை, வாத்தியார் பத்தலை, இருக்கிறதுல ரெண்டு ஷிப்டு ஓட்டலாம்னு அவர் கணக்குப் போட்டார். கணக்கு சரியாத்தான் இருந்திருக்கும். செருப்பு தைக்கிறவன் மகன் மத்தியானத்துக்கு மேல என்ன கத்துப்பான்னு யோசிச்சவன் எல்லாம் கொதிச்சான். குலக்கல்வின்னு பேர் வெச்சாங்க, அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. 1954-ல ராஜாஜி இறங்கினார், ஏப்ரல் 13-ம் தேதி காமராஜர் முதலமைச்சர் ஆனார். அடுத்த மாசமே அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டாச்சு.

கவனி. அப்போ அவர் சட்டசபை உறுப்பினர் கிடையாது, எம்.பி. மேலவை வழியா நைசா உள்ள வந்திருக்கலாம், முன்னால இருந்தவர் போட்ட பாதைதானே. வரலை. இடைத்தேர்தல்ல குடியாத்தத்துல போய் நின்னார். சொந்த ஊர் இல்லை, சொந்த சனம் இல்லை, நம்ம மாதிரியே தெலுங்கும் தமிழும் கலந்து பேசுற எல்லைச் சீமை. எதிர்த்து நின்னது கம்யூனிஸ்ட்டு கோதண்டராமன், சாதாரண ஆள் இல்லை. காங்கிரசை விடிஞ்சா திட்டற பெரியாரும் அண்ணாவும் இவருக்கு ஆதரவு குடுத்தாங்க. பெருசா ஜெயிச்சார். ஆறாவது படிச்சவர் பேர்ல படிப்பைப் பத்தின கேள்வியை வெச்சு ஓட்டுப் போட்டாங்கன்னு சொன்னாத் தப்பில்லை.

அப்பால என்ன நடந்துதுன்னு உனக்கே தெரியும், மேடையில நீட்டி முழக்கினே. 1956 வாக்குல மதியச் சாப்பாடு, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், சீருடை. சுந்தரவடிவேலுன்னு ஒரு கல்வி அதிகாரி கூட இருந்து செஞ்சார், அவர் பேரை நீ சொல்லலை. பரவாயில்லை, யாரும் சொல்றதில்லை. 1982-ல எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவு ஆக்கினார், 2022-ல ஸ்டாலின் காலைச் சாப்பாடும் சேர்த்தார். ஒவ்வொருத்தரும் தன் தலைமுறைக்கு ஒரு வேளை போட்டிருக்காங்க. நீ ராத்திரிச் சாப்பாடு அறிவிச்சுடாதே, ஹாஸ்டல் ஆயிடும்.

நீ மேடையில விட்ட பாகம் ஒண்ணு இருக்குது. 1967-ல, சொந்த விருதுநகர்ல, அந்தக் காமராஜரைத் தோக்கடிச்சது யாரு? பெ.சீனிவாசன். மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டு. அரிசி விலை, இந்திப் போராட்டம்னு ஆயிரம் காரணம் இருந்துது. ஆனா பள்ளிக்கூடம் கட்டினவரைப் பள்ளிக்கூடம் போன புள்ளைங்கதான் வீட்டுக்கு அனுப்புச்சு. படிக்க வெச்சா நன்றி காட்டுவான்னு எவனாவது உனக்குச் சொன்னா நம்பாதே. படிச்சவன் கணக்குக் கேட்பான். அதுக்குத் தயாரா இருந்தா மட்டும் கல்வியைப் பத்திப் பேசு. இல்லேன்னா தண்ணித் தொட்டி, ஹைமாஸ்ட் விளக்கு, இது மாதிரி பேசாத சாமான்களைப் பத்திப் பேசு.

அடுத்தது உன் வாக்குறுதி. "நீட்டை ஒரே கையெழுத்தில் ஒழிப்பேன்." யார் கையெழுத்து, உன்னுதா? 2021-ல சட்டசபையில மசோதா போட்டாங்க, கவர்னர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில மறுபடி போட்டாங்க, கடைசியில ஜனாதிபதி ஒப்புதல் குடுக்கலை. சட்டசபையே ரெண்டு தடவை கை தூக்கி நடக்காததை நீ ஒத்தை ஆளா தூக்கி நடத்தப் போறே. அதுக்கு முன்னாடியே 2020-ல எடப்பாடி ஆட்சியில கொண்டு வந்தாங்க பாரு, அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீதம், அதுதான் இருக்கிற கதவுல ஒரு இடுக்கு. அதைப் பத்தி நம்ம பள்ளிக்கூடத்துல பன்னெண்டாவது புள்ளைங்க எத்தனை பேருக்குத் தெரியும்னு போய்க் கேட்டியா?

கல்வி முன்னே மாநிலத்து விஷயமா இருந்துது. 1976-ல எமர்ஜென்சி நேரத்துல 42-வது திருத்தம் போட்டுப் பொதுப்பட்டியலுக்கு எடுத்துக்கிட்டாங்க. அதுலேருந்து ரெண்டு மாமியாருக்கு ஒரு மருமகள் கதைதான். 2020-ல டெல்லி ஒரு கல்விக் கொள்கை போட்டுது, 2025 ஆகஸ்டுல நம்ம மாநிலம் முருகேசன் குழு அறிக்கையை வெச்சுத் தனியா ஒண்ணு போட்டுது. டெல்லியோட பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துல கையெழுத்துப் போடலைன்னு சொல்லி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வெச்சுட்டாங்கன்னு மாநிலம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்குது. இந்த ரெண்டு கொள்கையில ஒண்ணையாவது நீ படிச்சியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. உன்னை எதிர்த்து நிக்கிறவனும் படிக்கலை. ரெண்டு பேரும் படிக்காத ரெண்டு புத்தகத்தை வெச்சுக்கிட்டு மேடையில அடிச்சுக்கறீங்க. மூணாவது மொழி கூடாதுன்னு நீ சொல்றே, 1968-லயே அண்ணா தீர்மானம் போட்டாச்சுன்னு சொல்றே, சரிதான். உன் வீட்டு மஞ்சள் வேன் போற ஸ்கூல்ல சாயங்காலம் என்ன பாடம்னு புள்ளையைக் கேட்டுப் பாரு. கேட்கும்போது ஜன்னலைச் சாத்திக்கோ.

நம்ம சீமைக்குன்னு கேள்விங்க இருக்குது, உன் நோட்டீசுல ஒண்ணு கூட இல்லை. ஆரம்பாக்கம் பக்கம் போனா வீட்டுல தெலுங்கு, பள்ளிக்கூடத்துலயும் தெலுங்கு மீடியம். 2006-ல தமிழ் கற்றல் சட்டம் வந்துது, ஒண்ணாவதுல ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒரு கிளாசா ஏறி, பத்து வருஷம் கழிச்சுப் பத்தாவது பரீட்சை வாசல்ல வந்து நின்னுது. தமிழ் சொல்லித் தர வாத்தியார் மட்டும் ஒழுங்கா ஏறி வரலை. புள்ளைங்க கோர்ட்டுக்குப் போய் விலக்கு வாங்கினாங்க. தமிழும் கத்துக்கணும், வாத்தியாரும் வேணும்னு கேட்கிறதுக்கு எல்லையில ஒரு எம்.எல்.ஏ. வேணாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல இரும்பு உருக்கிற ஆலைங்க. ஒடிசா, பீகார்லேருந்து ஆள் வந்து உருக்குறான். குடும்பத்தோட வர்றவனும் இருக்கான். செங்கல் சூளைக்கு வர்றவங்க பள்ளிக்கூடம் பாதி ஓடினப்புறம் வந்து, மழை புடிக்கிறதுக்குள்ள போயிடுறாங்க. அந்தப் புள்ளைங்க எந்தக் கிளாசு, எந்த பாஷை, எந்த அட்டெண்டன்ஸ்? சூளைப் பக்கமே வகுப்பு நடத்தற வாத்தியாருங்க நம்ம மாவட்டத்துல உண்டு, அவங்களைப் பார்த்துப் பேசியிருக்கலாம். நீ போகலை. ஏன்னு எனக்குத் தெரியும்: சூளையில இருக்கிறவனுக்கு இங்கே ஓட்டு இல்லை.

ஓட்டு இருக்கிறவனுக்காவது ஏதாவது சொன்னியா? பன்னெண்டாவது முடிச்ச பொண்ணு பொன்னேரி அரசு காலேஜுக்குப் போகணும்னா காலையில எந்த பஸ்சு, அது நிக்குமா, நின்னா ஏற முடியுமா. மாசம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் பணம் 2022-லேருந்து வருது, பஸ்சுல டிக்கெட்டும் இல்லை. எல்லாம் சரி, பஸ்சு? பையன் ஐ.டி.ஐ. முடிச்சுட்டு ஆலை கேட்டுல போய் நின்னா, கம்பெனி எடுக்குதா, கான்ட்ராக்டர் எடுக்கறானா? இதெல்லாம் கல்விக் கொள்கை இல்லைன்னு உன் பேச்சு எழுதறவன் சொல்லுவான். அவன் எந்த பஸ்சுல போறான்னு கேளு.

ஒரு விஷயத்துல உங்களையெல்லாம் பாராட்டணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாக் கட்சிக்காரனும் அரசுப் பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வைக்கிறீங்க, ஏன்னா பூத்து அங்கேதான். பூத்துக்குச் சாய்தளம் வேணும், தண்ணி வேணும், கக்கூசு வேணும், லைட்டு வேணும்னு கமிஷன் கண்டிப்பா சொல்லுது. வருஷக்கணக்கா தலைமையாசிரியர் மனு எழுதி வராத பைப்பு, ஓட்டுப் போட வர்ற தாத்தாவுக்காக ஒரே வாரத்துல வந்துடுது. உள்ளே உட்கார்ந்து மை வைக்கிறவங்களும் வாத்தியாருங்கதான். மழைக்காலத்துல பிச்சாட்டூர் அணையைத் திறந்து ஆரணியாறு ஏறினா முகாமும் அதே கட்டடம்தான். மீதி நேரத்துல, இடம் இருந்தா, பாடம் நடக்குது. ஜெயிச்சா தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி வரும். அதுல வகுப்பறை கட்டு, வேணாம்னு சொல்லலை. ஆனா கட்டடத்தை விட உன் பேர் போட்ட கல்வெட்டு பெருசா இருந்தா நான் வந்து அளந்து பார்ப்பேன்.

இன்னொண்ணு. உன் பின்னாடி வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நாலு பேர் சுத்தறாங்களே, அதுல ரெண்டு பேரு "கல்வித் தந்தை". 1984 வாக்குல சுயநிதி இன்ஜினியரிங் காலேஜுக்குக் கதவு திறந்தப்புறம் தமிழ்நாட்டுல இந்தத் தந்தைங்க பெருகிட்டாங்க. பெத்தது ஒரு தாய், தந்தை மட்டும் சேர்மன். அவங்க செலவுல ஓட்டு கேட்டுட்டு, நாளைக்கு ஃபீஸ் கமிட்டி என்ன செய்யணும்னு சட்டசபையில உன்னால பேச முடியுமா? 40 லட்சம்தான் செலவு பண்ணலாம்னு கமிஷன் சொல்லுது. உன் பேனரைப் பார்த்தா கமிஷனுக்குக் கூட்டல் தெரியாதுன்னு நம்பறே போல.

தோத்துட்டா என்ன ஆகும்னு பயப்படாதே. பத்தாயிரம் டெபாசிட், ஆறுல ஒரு பங்குக்கு மேல ஓட்டு வந்தா அதுவும் திரும்ப வரும். வந்தா அதுல ஒரு பங்கை எடுத்துக்கிட்டு நம்ம பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வா. அதுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்கதான் இருக்கணும்னு 2009 சட்டம். பெத்தவங்கன்னா, அங்கே புள்ளையைச் சேர்த்தவங்க. உனக்கு இப்போ தகுதி இல்லை, எம்.எல்.ஏ. ஆகறதுக்குத்தான் இருக்குது.

போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உன் பசங்க ராத்திரி நம்ம ஆரம்பப் பள்ளி மதில்ல உன் பேரை எழுதிட்டுப் போயிருக்காங்க. 1959-லேருந்தே அப்படி எழுதக் கூடாதுன்னு சட்டம் இருக்குது, பறக்கும் படை வந்தா உன் கணக்குலதான் ஏறும். பேருக்கு மேல கொட்டை எழுத்துல "கல்விக் காவளர்"னு போட்டிருக்கான். முழுசா அழிக்கச் சொல்லு. சுண்ணாம்பு கிடைக்கலைன்னா அந்த "ள"வையாவது இன்னைக்கே மாத்தச் சொல்லு. மூணாவது படிக்கிற புள்ளைங்க காலையில ஸ்லேட்டை வெச்சுக்கிட்டு அதைப் பார்த்து எழுதிக்கிட்டிருக்குது.